அனுப்பாத வீடியோக்கள்

"கீழ பாக்காத மாமா. என்னையே பாத்துக்கினு வா."

சங்கமித்ரா வாசலில் குந்தி உட்கார்ந்து கைப்பேசியைத் தரையை ஒட்டிப் பிடித்திருந்தாள். ரூபேஷ் அப்படித்தான் எடுக்கச் சொல்லியிருந்தான். இடுப்பிலிருந்து பாதம்வரை தெரிய வேண்டும். முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. சந்தின் மறுகோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து மகிழன் அவளை நோக்கி நடந்து வந்தான். இருபத்தொரு தப்படி. பன்னிரண்டாவதில் இடுப்பு இடப்பக்கம் சரிந்தது. பதினாறாவதில் கை சுவரைத் தேடிப் போனது.

"இது வேணாம். அழிச்சிடு," என்றான், வந்து சேர்வதற்குள்ளாகவே. "இன்னொண்ணு எடு."

"இது நாலாவது மாமா."

"கல்யாணத்தன்னிக்கு அந்த வீடியோக்காரன் மூணு வாட்டி மாலைய மாத்த வெச்சான். அப்போ மட்டும் சிரிச்சிக்கினே மாத்தின?"

"அன்னிக்கு உனுக்கு வேர்க்கல."

"யாரு சொன்னது? கோட்டுக்குள்ள ஆறு ஓடிச்சி."

அவள் சிரித்துவிட்டாள். இந்த மாதிரி ஏதாவது சொல்லியே அவளைக் கவிழ்த்துவிடுவான். கல்யாணத்துக்கு முன்னால், ரயிலில் தினமும் எதிர் இருக்கையில் உட்கார்ந்து, இரண்டு வருடம் இதைத்தான் செய்தான். ஐந்தாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். உடம்பு நேராக இருந்தது. கடித்த பல் படத்தில் வராது, படம் இடுப்போடு நின்றுவிடும். அவள் அதை ரூபேஷுக்கு அனுப்பினாள். கூடவே, அவன் தினமும் கேட்கும் எண்ணையும். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாத வலி.

"எவ்ளோ போடட்டும்?"

"ரெண்டு."

இரண்டு என்று போட்டாள். ஒரு நிமிடத்தில் ரூபேஷிடமிருந்து உயர்த்திய கட்டைவிரல் படம் வந்தது.

*

மகிழனின் இடது கால் பங்காருப்பேட்டை நடைமேடையில் போயிற்று. கிளம்பிவிட்ட ரயிலில் ஓடி ஏறப்போனான். பத்து வருடமாக ஓடி ஏறிக்கொண்டிருந்தவன்தான். அன்று கால் வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் மட்டும் மிச்சம் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். புண் ஆறி, வீக்கம் வடிந்து, செயற்கைக் கால் பொருத்த ஏழு மாதம் ஆயிற்று.

ஒயிட்ஃபீல்டில் ஒரு சரக்குக் கிடங்கில் அவன் மேற்பார்வையாளன். நாள் முழுதும் நடந்துகொண்டே இருக்கிற வேலை. அந்த ஏழு மாதமும் மேனேஜர் இடத்தைக் காலியாகவே வைத்திருந்தார், நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். ஜூன் பதினாறு, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்குக் கம்பெனி டாக்டர் பார்ப்பார். நடக்கச் சொல்வார், நிற்கச் சொல்வார். கையெழுத்துப் போட்டால் வேலை, போடாவிட்டால் இல்லை. அதற்கு மேல் தன்னால் இழுத்துப் பிடிக்க முடியாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டது சங்கமித்ராதான்.

ரூபேஷ் வியாழக்கிழமைதோறும் பெங்களூரிலிருந்து வருவான். செயற்கைக் கால் பொருத்தும் ஒரு டிரஸ்டின் ஆள். ஆண்டர்சன்பேட்டையில் ஒரு கூடத்தை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி போட்டு, மேஜைமேல் அரம், திருகுசாவி, சூடான காற்று ஊதும் துப்பாக்கி எல்லாம் பரப்பி வைத்திருப்பான். முதல் நாளே அவன் தன் வழியைச் சொல்லிவிட்டான். வீட்டில் கன்னடம் பேசுகிறவன். தமிழை யோசித்து யோசித்துத்தான் பேசுவான்.

"மகிழன் சார், இது செருப்பு மாதிரி இல்ல. வாங்கினேன், போட்டேன்னு ஆவாது. உங்க கால் தினமும் மாறும். வாரத்துக்கு ஒரே ஒரு விஷயம் மாத்துவேன். இதுக்கு உள்பக்கம் ஸ்வல்ப சூடு காட்டி ஒரு இடத்துல வெளிய தள்ளுவேன், இல்லாட்டி இந்தத் திருக கால்வாசிச் சுத்து திருப்புவேன். அவ்ளோதான். ரெண்டு விஷயம் ஒண்ணா மாத்தினா எதனால நல்லாச்சு, எதனால கெட்டுச்சுன்னு எனக்குத் தெரியாது. அப்புறம் நீங்க சொல்லணும். நீங்க சொல்றத வெச்சிதான் அடுத்தது."

"நான் இன்னா சார் சொல்றது? நீங்கதான் டெக்னீசியன்."

"எனக்குக் கண்ணுதான் இருக்கு சார். கால் உங்களோடது."

பிறகு சங்கமித்ரா பக்கம் திரும்பினான். "அக்கா, முதல் நாள் அரை மணி. கழட்டினதும் தோல பாருங்க. சிவப்பு இருக்கும். பத்து நிமிஷத்துல போயிட்டா நல்லது. நாளைக்கு ஒரு மணி. போகலேன்னா நிறுத்திடுங்க, எனக்குச் சொல்லுங்க. தினமும் ஒரு வீடியோ, ஒரு நம்பர்."

அவள் தலையாட்டினாள். அவ்வளவு சுலபமாகத் தோன்றியது அன்றைக்கு.

*

மகிழனின் அம்மா கண்மணிக்கு ரூபேஷின் வழி பிடிக்கவில்லை. அன்று மாலை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஆரம்பித்தாள்.

"வலிக்குதா வலிக்குதான்னு இன்னாத்துக்கு அவ்ளோ கேக்கறான்? வலிக்குதுன்னு சொன்னா எழுதி வெச்சிக்குவான். அப்பறம் கம்பெனி டாக்டரு அதத்தான் படிப்பாரு."

"இது வேற அத்த. சரி பண்றத்துக்குக் கேக்கறாரு."

"அப்பிடிதான் கேப்பாங்க. உங்க மாமனாரு தங்கச் சொரங்கத்துல மெடிக்கல் போர்டுக்குப் போற அன்னிக்கு, காலைலேர்ந்து சுக்குத் தண்ணியா குடிப்பாரு. டாக்டரு மூச்ச இழுன்னா இழுப்பாரு, விடுன்னா விடுவாரு. ஒரு இருமல் வராது. வெளிய வந்து ஷெட்டு பின்னாடி நின்னு அரை மணி நேரம் இருமுவாரு. பதினாலு வருசம் ஒருத்தன் கண்டுபுடிக்கலையே! அன்ஃபிட்டுன்னு எழுதியிருந்தா மேல பெருக்கற வேலதான். அண்டர்கிரவுண்டு சம்பளம் போயிருக்கும்."

மகிழன் சிரித்தான். "அப்பா கில்லாடி."

அந்தக் கதையின் கடைசிப் பகுதியை அத்தை சொல்லவில்லை. மாமனார் சுப்பிரமணி ஐம்பத்தொரு வயதில், உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே போனது அந்தச் சந்தில் எல்லோருக்கும் தெரியும். யாரும் அதை இந்தக் கதையோடு சேர்த்துச் சொன்னதில்லை.

மறுநாள் ரூபேஷுக்கு அனுப்ப மகிழன் சொன்ன எண், "ஒண்ணு."

*

முதல் இரண்டு வாரம் ஒன்றும் தெரியவில்லை. சிவப்பு வந்தது, போனது. அரை மணி ஒரு மணியாயிற்று, ஒரு மணி இரண்டாயிற்று. மகிழன் சந்துக்கோடி கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தான். அன்று சங்கமித்ரா பாயசம் வைத்தாள். மூன்றாவது வாரத்தில், முன் எலும்பு முடிகிற இடத்தில், எட்டணா அகலத்தில் ஒரு சிவப்பு வந்தது. பத்து நிமிடத்தில் போகவில்லை. அரை மணியிலும் போகவில்லை.

"சொல்லிடலாம் மாமா."

"நாளைக்குப் போயிடும்."

போகவில்லை. அவள் மறுபடி சொன்னாள். அவன் காலண்டரைக் காட்டினான்.

"நீயே கணக்குப் போடு மித்ரா. சொன்னா நிறுத்துன்னுவான். வியாழக்கெழமதான் வருவான். சூடு பண்ணித் தள்ளுவான். திரும்ப அரை மணிலேர்ந்து ஆரம்பி. பதினாறாம் தேதிலேர்ந்து தினமும் எட்டு மணி நேரம் நான் நிக்கணும். எங்க இருக்குது நாளு?"

அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அவன் சொன்னது சரியாகத்தான் இருந்தது. எப்படி எண்ணினாலும் நாள் போதவில்லை.

அந்த வாரத்திலிருந்துதான் வீடியோ நான்கு, ஐந்து என்று ஆனது. அவன் ஏமாற்றச் சொன்னான் என்றுகூட அவளால் சொல்ல முடியாது. நல்லா வர்றத அனுப்பு என்றுதான் சொன்னான். கெட்டதை அழித்தது அவள் விரல். அவன் நடந்து முடித்து, வேர்த்த முகத்தோடு, "எப்டி இருந்துச்சி?" என்று கேட்கும்போது, "சூப்பர் மாமா, நேரா வந்த," என்று சொன்னது அவள் வாய். தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற புருஷனிடம் வேறு எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

அடுத்த வியாழக்கிழமை ரூபேஷ் காலைக் கழற்றச் சொல்லி, கிண்ணம் போலிருந்த அதன் உள்பக்கத்தில் விரலை விட்டுத் தடவினான். வெகு நேரம் தடவினான். கைப்பேசியை எடுத்து ஏழு வீடியோவையும் வரிசையாகப் பார்த்தான்.

"ஒண்ணு எனக்குப் புரியல. வீடியோல நடை கரெக்டா இருக்கு. நம்பர் ரெண்டு, ரெண்டு, ஒண்ணு, ரெண்டு. ஆனா உள்ள இங்க பளபளன்னு தேஞ்சிருக்கு. இங்க தேயக் கூடாது." பிறகு மகிழனின் முழங்காலுக்குக் கீழே குனிந்தான். "இந்தச் சிவப்பு எப்போலேர்ந்து?"

"இப்பதான் சார். ஆட்டோலேர்ந்து எறங்கி வேகமா நடந்து வந்தேன்."

ரூபேஷ் நிமிர்ந்து சங்கமித்ராவைப் பார்த்தான். "அக்கா?"

அந்தக் கூடத்தில் வேறு நான்கு பேர் காத்திருந்தார்கள். ஒரு மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மகிழன் அவளைப் பார்க்கவேயில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பார்த்திருந்தால் அவள் உண்மையைச் சொல்லியிருப்பாளோ என்னவோ. அவன் அவளை நம்பி முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமாங்க," என்றாள். "இப்பதான்."

ரூபேஷ் அந்தத் திருகுசாவியை எடுத்தான், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான், திரும்ப மேஜையில் வைத்தான்.

"அப்போ கிண்ணத்தத் தொட மாட்டேன். உங்களுக்கு நல்லா இருக்கறத நான் எதுக்குக் கெடுக்கணும்? நேரம் ஏத்தலாம். அஞ்சு மணி. அடுத்த வாரம் ஆறு."

ஆட்டோவில் வரும்போது மகிழன் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். சாம்பியன் ரயில்வே கேட்டில் ரயிலுக்காக ஆட்டோ நின்றபோது, அந்தக் கை குளிர்ந்து கிடந்ததை அவளே உணர்ந்தாள்.

*

காலுக்கும் கிண்ணத்துக்கும் நடுவே போடுகிற வெள்ளை உறையை அவள்தான் துவைப்பாள். ஜூன் எட்டாம் தேதி அதில் ஒரு பழுப்புக் கறை இருந்தது. ஒன்பதாம் தேதி அது பழுப்பாக இல்லை.

உறையைக் கொண்டுபோய் அவன் முன்னால் விரித்தாள்.

"துவைச்சிடு," என்றான்.

"மாமா, இது ரத்தம்."

"எனக்கும் கண்ணு தெரியும். இன்னும் ஏழு நாளு. அன்னிக்கு ஒரு நாளு டாக்டரு முன்னாடி நின்னுட்டா, அப்பறம் லீவு போட்டு ஆற வெச்சிக்கலாம்."

"நிக்க முடியுமா உன்னால?"

அவன் எழுந்து, சுவரைப் பிடிக்காமல், அடுப்படிவரை நடந்து காட்டினான். நடந்து போய், அங்கே அவளுக்கு முதுகு காட்டி நின்றான். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று.

"அத்த, நீங்களாச்சும் சொல்லுங்க," என்றாள் கண்மணியிடம்.

கண்மணி உறையைப் பார்த்தாள். அதை வாங்கி மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் இன்னா சொல்லுவேன் மித்ரா? அவுரு கிட்டயும் நான் ஒண்ணும் சொன்னதில்ல," என்று சொல்லிவிட்டு அதைத் துவைக்கக் கொண்டுபோனாள்.

பதினோராம் தேதி காலை மகிழனுக்கு லேசாக உடம்பு சுட்டது. முழங்காலுக்குக் கீழே விரலை வைத்தால் பள்ளம் விழுந்தது. அவன் குளிக்கப் போயிருந்த நேரத்தில் சங்கமித்ரா கைப்பேசியை எடுத்தாள். அழித்த படங்கள் முப்பது நாளைக்குள் திரும்பக் கிடைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். திறந்து பார்த்தாள். அறுபத்தெட்டு இருந்தன. தண்ணீர்த் தொட்டி, சந்து, அந்தக் கால். அறுபத்தெட்டு தடவை அவன் சரிந்துகொண்டே அவளை நோக்கி வந்துகொண்டிருந்தான்.

ஒவ்வொன்றாகத் தொட்டு, எல்லாவற்றையும் அனுப்பினாள். கடைசியில் அந்தப் புண்ணின் படம். எண் எதுவும் போடவில்லை.

இந்தத் தடவை கட்டைவிரல் வரவில்லை. இருபது நிமிடம் கழித்து ரூபேஷ் கூப்பிட்டான்.

"கால இப்போவே கழட்டச் சொல்லுங்க. இன்னிக்கே டாக்டர்ட்ட காட்டுங்க. புண்ணு முழுசா ஆறாம போடவே கூடாது."

"பதினாறாம் தேதி..."

"அக்கா, எலும்புக்குப் போச்சுன்னா முழங்காலும் போயிடும்." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு. "ஆறு வாரமா நான் யாரோட காலுக்கு வேலை செஞ்சேன் அக்கா? நீங்க அனுப்பின கால் ஒண்ணு, இந்தக் கால் ஒண்ணு. நீங்க அழிச்ச முதல் வீடியோ அன்னிக்கே வந்திருந்தா ஒரு நிமிஷம் சூடு காட்டித் தள்ளியிருப்பேன். ஒரு நிமிஷ வேலை."

*

டாக்டர் மூன்று வாரமாவது ஆகும் என்றார். ஊசி போட்டார். தினமும் கட்டு மாற்றச் சொன்னார்.

மகிழன் திட்டவில்லை. கட்டிலில் உட்கார்ந்து, ஒரே ஒரு வாக்கியம் சொன்னான். "நீயே எழுதிட்ட இல்ல, அன்ஃபிட்டுன்னு." பிறகு இரண்டு நாள் பேசவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டான். கட்டு மாற்றக் காலை நீட்டினான், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு. அவள் முன்னாலேயே அனுப்பியிருக்க வேண்டும். அல்லது அனுப்பியே இருக்கக் கூடாது. எதை நினைத்தாலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் வலித்தது.

சனிக்கிழமை மேனேஜரிடம் அவளே பேசினாள், கன்னடத்தில், தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் போட்டு. மூன்றே வாரம் சார். அவர் பொறுமையாகக் கேட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார். திங்கட்கிழமையிலிருந்து வேறொருவர் வருகிறார் என்றும், குணமானதும் ஒரு வார்த்தை சொல்லும்படியும், எங்கேயாவது இடமிருந்தால் பார்க்கலாம் என்றும் சொன்னார். நன்றி சார் என்றாள். வேறு என்ன சொல்வது?

ரூபேஷ் வந்து புதிதாக மாவுக்கட்டு அச்சு எடுக்க வேண்டும். பழைய கிண்ணம் உதவாது. அதற்குமுன் அவன் ஒரு வேலை சொல்லியிருந்தான். தோலில் அழியாத நீலப் பென்சில் ஒன்றை ஆள்வசம் அனுப்பி, கட்டுக்கு வெளியே எங்கெங்கே வலிக்கிறதோ அங்கெல்லாம் தினமும் புள்ளி வைத்துப் படம் எடுக்கச் சொன்னான். பென்சில் மூன்று நாளாக அலமாரியில் கிடந்தது. மகிழன் அதைத் தொடவில்லை. அவளும் கேட்கத் துணியவில்லை.

திங்கட்கிழமை காலை கண்மணி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மகிழன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கேயும் போகாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சுவரில் பத்தடித்தது. அவன் காலண்டர் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான்.

"மித்ரா."

அவள் கையிலிருந்த துணியைப் போட்டுவிட்டு வந்தாள்.

"அந்தப் பென்சில எடு."

அவன் காலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அவன் லுங்கியை மேலே சுருட்டினான். வெள்ளைக் கட்டுக்கு மேலேயும் பக்கத்திலும் தோல் கறுத்து, மினுமினுவென்றிருந்தது. தினமும் தொட்ட இடம்தான். எங்கே ஆரம்பிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. ஒரு விரலை வைத்தாள்.

"இங்கயா?"

"இல்ல. கீழ."

"இங்க?"

"இன்னும் கொஞ்சம் கீழ. வெளிப் பக்கமா. ஆங்."

புள்ளி வைத்தாள்.

"வேற?"

"பின்னாடி ஒண்ணு இருக்குது. நரம்பு மாதிரி. மொதல் வாரத்துலேர்ந்து இருக்குது."

முதல் வாரத்திலிருந்து. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனான், முட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, தையல் போட்ட ஓரத்தில் இரண்டு, உட்கார்ந்தால் மட்டும் தெரிகிற ஒன்று. அவள் வைத்துக்கொண்டே போனாள், பதினாறு புள்ளி ஆயிற்று. ஒரு சாண் காலில் இவ்வளவு இடம் இருந்ததா? ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வியாழக்கிழமை. வாரத்துக்கு ஒன்று என்று ரூபேஷ் தள்ளினால், தீபாவளியும் தாண்டிப் போகும். அதற்குள் எந்தக் கம்பெனி, எந்த மேனேஜர்? அவளால் செய்ய முடிந்தது அந்தப் பென்சிலைப் பிடித்திருப்பது மட்டும்தான். நீர் கண்ணை மறைத்ததில் அடுத்த புள்ளி கோடாக இழுத்துக்கொண்டு போயிற்று.

மகிழன் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"அழுத்தாத மித்ரா. வலிக்குது."

அவள் கையை எடுத்தாள்.